கொழுந்தும் நொதியமும்

தனக்கு முன்னே நடக்கும் ஒன்றின் பெயரை அறியாதிருப்பதும், பெயரை மட்டும் மனனம் செய்து பொருளைக் காணாதிருப்பதும் கல்வியின் இருவகை வறுமைகளாகும். பதுளைப் பகுதித் தோட்டப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் எனக்கு இரண்டும் பழக்கமானவை.

சென்ற ஆண்டு ஒரு மாணவி விஞ்ஞானப் பாடநூலோடு என்னிடம் வந்தாள். "சேர், பல்பகுதியம், ஒருபகுதியம், நொதியம் என்று இருக்கிறது. தமிழ்ச் சொல்தானே, நீங்கள் விளக்குங்கள்" என்றாள். தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை 'ஸ்டோரில்' கொழுந்து அரைக்கும் பகுதியில் வேலை செய்பவர்.

ஒருபகுதியங்கள் பல கைகோத்து நின்றால் பல்பகுதியம். அதுவே பொலித்தீன், நைலோன். பதம் பிரித்து இவ்வளவு கூற என்னால் முடிந்தது. எஞ்சியதை விஞ்ஞான ஆசிரிய நண்பர் ஒருவரிடம் கேட்டுப் படித்தேன். படித்தபோதுதான் அவளுடைய தந்தையின் தொழில் எத்தகையதென்பது எனக்கு விளங்கிற்று.

கொழுந்தின் உயிரணுவிலே கற்றெக்கின் என்னும் பொருள்களும் அவற்றை மாற்றவல்ல நொதியமும் தனித்தனி அறைகளில் உள்ளன. உருளும் பொறி இலையை நசுக்கும்போது அறைகள் உடைகின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனின் துணையோடு நொதியம் கற்றெக்கின்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. இரண்டு இணைந்து தியாபிளேவினாகும். மேலும் பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகும். பச்சை செம்பாவது இவ்வாறே. உரிய வேளையிலே சூளையின் வெப்பம் நொதியத்தை அழித்து வேலையை நிறுத்துகிறது. இதனைத் தொழிற்சாலையில் 'புளித்தல்' என்ற பொருளில் ஆங்கிலச் சொல்லால் வழங்குவர். உண்மையில் இதைச் செய்வது நுண்ணுயிரன்று, இலையின் சொந்த நொதியமே.

நுண்ணுயிரின் நொதியத்தை ஆலைக்குக் கொண்டுவந்தவர்களும் உளர். அக்ரிலமைட்டு என்பது ஓர் ஒருபகுதியம். முன்னர் அதனைச் செப்பு ஊக்கிகளைக் கொண்டு உயர்ந்த வெப்பத்தில் ஆக்கினர். கியோட்டோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹிதேயாகி யமதாவும் அவருடைய குழுவினரும் பற்றீரியாக்களில் அதற்கேற்ற நொதியத்தை ஆராய்ந்தனர். 1985 இல் நிட்டோ கெமிக்கல் நிறுவனம் அவ்வழியில் உற்பத்தியைத் தொடங்கிற்று. கடும் வெப்பத்தை வேண்டிய தொழிலைப் பற்றீரியா குளிர்ந்த நீரிலேயே முடித்துவிடுகிறது. தனித்த அக்ரிலமைட்டு நரம்பைத் தாக்கும் நஞ்சு. அதனைக் கோத்து ஆக்கிய பல்பகுதியமோ, தேற்றாங்கொட்டை போலக் கலங்கிய நீரைத் தெளிவிக்கப் பயன்படுகிறது. லயத்துப் பீலித் தண்ணீரை மழைக்காலத்தில் கண்டவர்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றை எல்லாம் கேட்ட மாணவி, "அப்பா நிறத்தையும் மணத்தையும் பார்த்தே நேரம் சரியென்று சொல்வார்" என்றாள். அம்மனிதரின் மூக்கு அறிந்ததையே ஆய்வுகூடம் அளந்து எழுதிற்று. ஆயினும் ஒன்று சம்பளத்துக்குரிய கூலி வேலை. மற்றது பட்டத்துக்குரிய அறிவு.

இந்த இடைவெளியைக் கடக்கும் பாலம் பள்ளிக்கூடமே. அப்பாலம் எங்கள் மலையில் பாதியில் நிற்கிறது. தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை சிலவே. அவள் அப்பிரிவிற் சேர விரும்பினால் லயத்தை விட்டு நகரத்தில் தங்கவேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பணமில்லாத பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகின்றனர்.

நூறாண்டுகளுக்கு மேலாக நொதியத்தோடு உழைத்த மக்களின் பிள்ளைகளுக்கு ஓர் ஆய்வுகூடமும் ஒரு விஞ்ஞான ஆசிரியரும் கேட்பது சலுகையாகாது. அது கொடுபடாத கூலியின் ஒரு பகுதி.