பின்வளவில் ஒரு போறணை

ஒக்டோபர் கடைசியில் கல்வேலை தொடங்குகிறவனை ரொறன்ரோப் பக்கத்தில் ஒருவரும் புத்திசாலி என்று சொல்லமாட்டார்கள். நான் தொடங்கினேன். கோடை முழுவதும் படம் கீறிக் கீறி அழித்துக்கொண்டிருந்துவிட்டு, செங்கல் வந்து இறங்கியபோது மேப்பிள் மரம் முக்கால்வாசி மொட்டை. ஒரு நல்ல காரியம் மட்டும் செய்திருந்தேன்: அத்திவாரத்தை செப்டெம்பரிலேயே போட்டுவிட்டேன். இங்கே குளிர்காலத்தில் நிலம் நாலடி ஆழம்வரை உறையும்; உறைந்த மண் பொங்கி, மேலே என்ன இருந்தாலும் தூக்கிவிடும். அதனால் சரளைக்கல் நிரப்பி, இறுக்கி, அதன்மேல் கம்பி கட்டிய கொங்கிறீற் தட்டு.

கட்டப்போனது பீட்சா அடுப்பு. நேப்பிள்ஸ்காரரின் சாமான், அவர்களிடம் இரவல் வாங்குகிறேன் என்ற நினைப்பு. உள்ளே 36 அங்குல விட்டம், 18 அங்குல உயரம். கவிழ்த்து வைத்த பாதித் தேங்காய் மாதிரி. அடியில் சூடு தாங்கும் செங்கல் பரப்பி, சுற்றிவரக் கல் வைத்து, ஒவ்வொரு வரிசையும் முந்தியதைவிடக் கொஞ்சம் உள்ளே சாய்ந்துபோய், உச்சியில் ஒரேயொரு கல்லில் பூட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வரிசை வைத்துக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வீடியோவில் வந்தார். ஃபோனைச் செங்கல் அடுக்கில் சாய்த்துவைத்து வேலையைக் காட்டினேன்.

"இதென்ன தம்பி, கிணத்துக்குக் கட்டோ கட்டுறாய்?"

"இல்லையம்மா, பீட்சா சுடுற அடுப்பு. மேல வளைச்சு மூடுவன். உள்ளுக்க விறகு எரிச்சு..."

"அட, உது போறணையெல்லோ! அப்பிடிச் சொல்லன். சந்தி பேக்கரியில நிண்டதே!"

கையில் சாந்தகப்பையோடு அப்படியே நின்றேன். முப்பது வருடமாக அந்தச் சொல்லை நான் வாயில் எடுத்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சீமெந்து தடைசெய்த பொருள். காங்கேசன்துறைத் தொழிற்சாலையும் 1990இல் மூடியாகிவிட்டது. ஆனால் மா கிடைத்த நாட்களில் பாண் வந்தது, ஏனென்றால் போறணைக்கு விறகு போதும். விடியப்புறம் வரிசையில் நிற்கும்போது பேக்கரியின் பின்கதவால் எட்டிப் பார்ப்பேன். கரி பிடித்த சுவர், அதில் ஒரு சின்ன வாய். எரிந்த நெருப்பை வெளியே இழுத்தெடுத்த பிறகு, நீளத் தடியில் கட்டிய ஈரச் சாக்கால் தளத்தைத் துடைப்பார்கள். புஸ் என்று ஆவி கிளம்பும். பிறகு ஒருவர் ஒரு பிடி மாவை உள்ளே விசிறிப் பார்ப்பார். மா உடனே கருகினால் பொறுக்கவேண்டும். மெல்லச் சிவந்தால் பாணைத் தள்ளலாம். வெப்பமானி என்று ஒரு பொருளை அங்கே நான் பார்த்ததில்லை.

அன்றிரவே சொல்லைத் தேடத் தொடங்கினேன். மேசை, கதிரை, அலமாரி, சாவி, அலவாங்கு, குசினி என்று போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்களைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவன்தான் நான். பாண் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆனால் போறணையை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. வல்லின றகரமும் ணகர முடிவுமாக, சங்கப் புலவர் யாரோ வைத்த பெயர்போல அது உட்கார்ந்திருக்கிறது. பொரி, புறணி, போர் என்று நானாகவே வேர் தோண்டி இரண்டு இரவை வீணாக்கினேன்.

மூன்றாவது இரவு குளிர் சுழியத்துக்கு ஆறு பாகை கீழே போனது. முதல்நாள்தான் மூன்றாவது, நாலாவது வரிசையை முடித்து, 'நாளைக்குப் பார்ப்போம்' என்று ஒரு துணியைப் போர்த்துவிட்டு வந்திருந்தேன். காலையில் ஒரு கல்லைத் தொட்டேன்; பால்பல் மாதிரிக் கையோடு வந்தது. மணல், சீமெந்து, சுண்ணாம்பு, தீக்களி என்று 3:1:1:1 கணக்கில் குழைத்த சாந்து, விரலில் நசித்தால் பழைய சீனிப்பணியாரம்போல் உதிர்ந்தது. தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம்வரை பருக்கும். சீமெந்து இறுகுமுன்னே அது நடந்தால், உள்ளுக்குள்ளேயே சாந்து கிழிந்துபோகும். பிறகு வெயில் காய்ந்தாலும் ஒட்டாது. ஐந்து பாகைக்குக் கீழே போனால் பாதுகாப்பில்லாமல் கல் வைக்காதே என்பது கட்டுவேலையின் பாலபாடம். நான் அதை வாசித்திருந்தேன் என்பதுதான் கொடுமை.

கல்லை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அங்காலே நின்று பக்கத்து வீட்டுக் கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார். அசோர்ஸ் தீவுக்காரர், வாழ்நாள் முழுக்க இந்த ஊர்க் கட்டடங்களுக்குச் செங்கல் அடுக்கியவர். பதினைந்து வருடமாக 'ஹலோ' அளவில் இருந்த பழக்கம். அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து, குந்தி உட்கார்ந்து, வட்டத்தைக் கையால் தடவிவிட்டு ஒரு சொல் சொன்னார்.

"ஃபோர்னு."

எழுத்தில் அது 'ஃபோர்னோ'தான். ஆனால் போர்த்துக்கேயர் கடைசி ஓகாரத்தை உகரமாக விழுங்கிச் சொல்வார்கள். ஃபோர்னு. ஃபகரம் நம் நாக்கில் பகரமாகும். ரகரமும் னகரமும் ஒட்டி நிற்பது கஷ்டம், நடுவில் ஓர் அகரத்தைச் செருகுவோம். அவர் ஊரில் வீட்டுக்கு வீடு கல்லால் கட்டிய ஃபோர்னு உண்டென்றும், தாயார் கிழமைக்கு ஒருமுறை அதில் பாண் சுடுவார் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாதியைத்தான் கேட்டேன். மனதுக்குள் போ–ற–ணு, போ–ற–ணை என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தேடியதெல்லாம் சரிபார்ப்புத்தான். சிங்களத்திலும் அதே சொல்தான்: போரணுவ.

போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல். யாழ்ப்பாண இராச்சியத்தை முழுதாகப் பிடித்தது 1619இல். 1658இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்திவிட்டார்கள். முப்பத்தொன்பது வருட ஆட்சி. கோதுமை விளையாத மண்ணில், சோற்றையும் பிட்டையும் விட்டால் வேறு நினைப்பில்லாத சனத்திடம், ரொட்டிக்கும் அதைச் சுடும் அடுப்புக்கும் தங்கள் பெயரை விட்டுப்போனார்கள். பின்னால் நாங்கள் 'வெதுப்பகம்' என்று நல்ல தமிழில் பலகை எழுதினோம். அழகான சொல், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் கரி ஒட்டியிருக்கவில்லை; பலகைக்குப் பின்னாலே நின்றவர்கள் போறணை என்றே சொன்னார்கள்.

கிழவர் அன்றைக்கே பொறுப்பை எடுத்துக்கொண்டார். அடுப்பைச் சுற்றி மரச்சட்டம் அடித்துப் படங்கால் கூடாரம். உள்ளே ஒரு சின்ன மின்கணப்பு. சாந்துக்குச் சுடுதண்ணீர். செங்கல்லை இரவில் வீட்டுக்குள் வைத்து, காலையில் சூடு ஆறாமல் எடுத்து வரவேண்டும். சாப்பாட்டு அறையில் நூற்றுச் சொச்சம் கல் மூன்று கிழமை இருந்தது. மனைவி அதைப்பற்றிப் பேசுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார், அது நல்ல அறிகுறி இல்லை.

வாயைக் கட்டும் இடத்தில் எனக்கும் அவருக்கும் தகராறு. நான் வைத்திருந்த குறிப்பில் வாயின் உயரம் உச்சி உயரத்தில் 63 சதவீதம் என்று இருந்தது. என் 18 அங்குலத்துக்குப் பதினொன்றும் சொச்சமும். அவர் கண்ணால் பார்த்துக் கையால் ஓரிடம் காட்டினார். ஏன் 63, யார் சொன்னது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுப்புக் கட்டுகிறவர் எல்லோரும் அந்த எண்ணை மந்திரம்போல் சொல்கிறார்கள். நேப்பிள்ஸின் இரகசியம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

எண்ணைப் பின்தொடர்ந்தேன். கிக்கோ டென்சர் என்ற அமெரிக்கர் மண்ணடுப்புக் கட்டுவதைப் பற்றி எழுதிய நூல்தான் அதைப் பரப்பியது. அவர் எடுத்த இடம் நேப்பிள்ஸ் அல்ல, கியூபெக். லீஸ் புவலி, ஜான்-ஃபிரான்சுவா பிளான்ஷெட் என்ற இரு ஆய்வாளர்கள் 1970களில் கியூபெக்கின் பழைய களிமண் அடுப்புகளைத் தேடிப்போய் அளந்து, கட்டியவர்களிடமும் சுட்டவர்களிடமும் கேட்டு, ஒட்டாவாவின் தேசிய அருங்காட்சியகத்துக்காக எழுதியிருக்கிறார்கள். கிளைகளை வளைத்துக் கூடுகட்டி அதன்மேல் களி அப்பி, மழைக்கும் பனிக்கும் மேலே பலகைக் கூரை போட்ட அடுப்புகள். என் வீட்டிலிருந்து ஒருநாள் கார் ஓட்டம். குளிரில் அடுப்புக் கட்ட வழி தேடி இத்தாலியைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, பக்கத்து மாகாணத்தில் வேலை முடிந்து முந்நூறு வருடம்.

எண்ணில் மாயமும் இல்லை. இந்த அடுப்புக்கு மூக்கும் வாயும் ஒன்றுதான்: குளிர்ந்த காற்று வாயின் அடிப்பாதியால் உள்ளே போகும், புகை மேற்பாதியால் வெளியே வரும். வாய் உயர்ந்தால் சூடு ஓடிவிடும். தாழ்ந்தால் நெருப்பு மூச்சுத் திணறும். கிழவர் காட்டிய இடத்தை அளந்து பார்த்தோம். பதினொன்றரை அங்குலம்.

கியூபெக்காரர் தங்கள் அடுப்பை 'ஃபூர்' என்பார்கள். பிரெஞ்சுச் சொல். லத்தீனின் 'ஃபுர்னுஸ்' தேய்ந்து வந்தது. இத்தாலியரின் ஃபோர்னோவும் போர்த்துக்கேயரின் ஃபோர்னுவும் அதே வயிற்றுப் பிள்ளைகள். பிரெஞ்சுக்காரர் கியூபெக் நகரத்தை நாட்டியது 1608இல். யாழ்ப்பாணம் விழுந்தது பதினொரு வருடம் கழித்து. ஒரே நூற்றாண்டில் ஒரு சொல் இரண்டு கப்பலில் ஏறி, ஒன்று பனிக்குள்ளும் மற்றது பனைகளுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. இரண்டும் என் பின்வளவில் ஒரு படங்குக்குக் கீழே சந்தித்துக்கொள்ள நானூறு வருடம் பிடித்திருக்கிறது.

அதற்கும் பின்னே போனால் பொம்பெய். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்த ஊரில் முப்பதுக்கு மேற்பட்ட பேக்கரிகளைத் தோண்டியெடுத்திருக்கிறார்கள். ஓர் அடுப்பிலிருந்து 81 ரொட்டிகள் கரியாக வந்தன. வட்ட ரொட்டி, எட்டுத் துண்டாகப் பிய்க்கக் கோடு போட்டது. சுட்டவர் எடுக்க வரவில்லை. அந்த அடுப்புகளின் செங்கல் கூடுகள் இன்றும் நிற்கின்றன. படத்தைப் பார்த்தபோது சந்தி பேக்கரியின் பின்கதவு ஞாபகம்தான் வந்தது. பீட்சா அந்தக் கூட்டுக்குள் மிகப் பிந்தி வந்த விருந்தாளி. தக்காளி அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்துசேர்ந்த பிறகுதானே அதற்கு முகமே கிடைத்தது.

நவம்பர் கடைசியில் உச்சிக்கல்லைப் பூட்டினோம். அதன்மேல் வெப்பம் தாங்கும் பஞ்சுப் போர்வை, வெர்மிகுலைட் கலந்த பூச்சு. உடனே மூட்டி எரிக்க முடியாது. கல்லுக்குள்ளும் சாந்துக்குள்ளும் இருக்கும் ஈரம் ஆவியானால் ஆயிரத்து எழுநூறு மடங்கு பெருக்கும்; அவசரப்பட்டால் கூடு வெடிக்கும். முதல் நாள் சுள்ளித் தீ, அடுத்த நாள் கொஞ்சம் கூட, இப்படி ஏழு நாள். பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியம் காப்பதுபோல் ஒவ்வொரு மாலையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் பூச்சில் வேர்வை அரும்பியது. ஐந்தாம் நாள் 'டிக்' என்று ஒரு சத்தம். தலைமயிர் அளவு வெடிப்பு. கிழவர் தோளைக் குலுக்கினார். வெடிக்காத ஃபோர்னு உலகத்தில் இல்லையாம்.

முதல் முழு நெருப்பு டிசெம்பரில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. கூட்டின் உட்புறம் முதலில் கன்னங்கரேல் என்றானது. ஒன்றரை மணிநேரத்தில், உச்சியிலிருந்து தொடங்கி, கரி தானே எரிந்து செங்கல் வெள்ளையாக வெளித்தது. தளம் நானூறு பாகை தாண்டிவிட்டது. நேப்பிள்ஸ் சங்கத்தின் விதிப்படி பீட்சா அறுபது முதல் தொண்ணூறு வினாடிக்குள் வேகவேண்டும். என் முதலாவது அறுபதில் ஒருபக்கம் கரிந்து மறுபக்கம் பச்சையாக வந்தது; நாலாவதுதான் ஆட்களுக்குக் கொடுக்கக்கூடியது. எனக்குப் பீட்சாவைவிடக் கூட்டின் முதுகுதான் பெரிதாகத் தெரிந்தது. உள்ளே அத்தனை நெருப்பு, மேலே நாலு அங்குலப் பனி, ஒரு பொட்டும் உருகாமல் படுத்திருந்தது.

இரவு நெருப்பை வழித்தெடுத்து வாயை மூடிவிட்டேன். மறுநாள் காலையிலும் உள்ளே நல்ல சூடு. ஈரச் சாக்கு இல்லை, பழைய துவாயை மண்வெட்டிப் பிடியில் கட்டித் துடைத்தேன். ஒரு பிடி மாவை விசிறினேன். மெல்லச் சிவந்தது. ரோஸ் பாண் நாலைத் தள்ளி, வெந்ததும் ஒன்றை வேலிக்கு மேலாகக் கிழவரிடம் நீட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே இரவாகிவிட்டது, கட்டிலில் இருந்தபடி பார்த்தார். பாணைப் பிய்த்துக் காட்டினேன். ஆவி ஃபோனின் கண்ணாடியை மறைத்தது.

"துடை, துடை, ஒண்டும் தெரியேல்ல" என்றார். துடைத்தேன். கிட்டக் கொண்டுவரச் சொல்லி, மேல்தோலைக் கவனமாகப் பார்த்தார்.

"சம்பல் இடிச்சனியோ?"