வலிக்காத பொருக்கு

"ஊர் தேவிகாபுரம். வயசு 35. பட்டு நெசவு. எட்டு நாளா காய்ச்சல், தலைவலி. நேத்திலிருந்து பிதற்றல்."

பேராசிரியர் என் ஊரை வேண்டுமென்றே சேர்த்திருந்தார். பயிற்சிக் கூடக் கட்டிலில் ஒரு பொம்மை. அதற்குக் குரல் கொடுத்தவர் அடுத்த அறையில் மைக் பிடித்த நர்ஸ் அக்கா. எனக்கு 15 நிமிடம்.

பிடரி இறுகியிருந்தது. மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்து செஃப்ட்ரியாக்சோன் ஊசி, ஸ்கேன், முதுகுத்தண்டில் நீர் எடுப்பது என்று வரிசையாகச் சொன்னேன். மானிட்டரில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. நேரம் முடிந்தது.

"ரவிக்கையை விலக்கிப் பார்த்தியாம்மா?"

பார்க்கவில்லை. இடது அக்குளில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு ஒட்டியிருந்தது. உண்ணிக் காய்ச்சல். அந்தக் கிருமி நம் செல்லுக்குள் புகுந்து வாழ்வது. நான் போட்ட ஊசிக்கு அடங்காது. டாக்சிசைக்ளின் கொடுத்திருக்க வேண்டும். பொருக்கு வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளியே சொல்லமாட்டார்.

"நெசவுன்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டே. வேற என்ன வேலை செய்வாங்கன்னு கேட்கலையே?"

இதுதான் என்னைச் சுட்டது. தறிக்காரர் என்றதும் தறியை விட்டு எழுந்திருக்காதவர் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலேயே அம்மா தறியில் உட்காரும் முன் கழனி வரப்பில் ஆட்டுக்குப் புல் அறுத்துவிட்டு வருவார். கடித்து இந்தக் காய்ச்சலைப் பரப்பும், கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணிக்குஞ்சு இருப்பது புல்லிலும் புதரிலும்தான். ஊரை அறிந்தவள் என்ற நினைப்பே கேள்வியை மறைத்துவிட்டது.

பொம்மைக்குப் பதிலாக ஆளையே நோயாளி வேடத்தில் நடிக்கவைத்து மருத்துவம் கற்பிக்கும் முறையை 1963இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹோவர்ட் பாரோஸ் ஒரு நரம்பியல் மருத்துவர். காரணம் எனக்கு இப்போது புரிகிறது. நரம்பு நோயில் கேட்பதும் பார்ப்பதும் பாதி வைத்தியம்.

அடுத்த பயிற்சியில் கால்கள் செயலிழந்து வந்த ஒரு நோயாளி. திரை கட்டி, பெண் உதவியாளரை அருகில் வைத்து, காதின் பின்புறம், அக்குள், மார்பின் கீழ், பாவாடை நாடா கட்டும் இடம், தொடையிடுக்கு என்று தேடினேன். பொருக்கு இல்லை. கணுக்காலில் ஆறிப்போன நாய்க்கடித் தழும்பு! அவருக்கு முடக்கும் வகை ரேபீஸ். வேறு நரம்பு நோய் என்று எளிதில் தவறவிடுவது. அறிகுறி வந்தபின் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. ஆனாலும் கண்டுபிடித்தாக வேண்டும்: அதே நாய் கடித்த மற்றவர்களுக்கு இன்னும் தடுப்பூசி போடலாம்.

அந்தப் பயிற்சிக்குப் பின் காய்ச்சலோடு வரும் யாரையும் உடம்பைப் பார்க்காமல் நான் அனுப்பியதில்லை. காய்ச்சல் நாள்கணக்கில் நீடித்து, உடம்பில் எங்காவது வலிக்காத கறுப்புப் பொருக்கு இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் கூச்சப்படாமல் காட்டுங்கள். புல்லறுக்கப் போனதையும் சொல்லுங்கள்.