துப்பாக்கியின் தப்பா, கையின் தப்பா?

சனிக்கிழமை சாயங்காலம். ஐயம்பேட்டையில் அந்தத் தெருவின் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக ஓய்ந்துகொண்டிருந்த நேரம். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மகள், தோளில் தொங்கிய நீளப் பையைச் சுவரோரம் சாத்திவிட்டு, ஓர் அட்டையை அப்பாவிடம் நீட்டினாள். இலக்கு அட்டை. நடுவில் இருந்த கறுப்பு வட்டத்தில் இரண்டே ஓட்டைகள். மற்றவை எல்லாம் வெளியே, இடப்பக்கமும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன.

"எனக்கு இது வராதுப்பா. அடுத்த மாசம் போட்டி. அதுக்குள்ள சரியாகப் போறதில்ல. துப்பாக்கிய வித்துடலாம்."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "விக்கறதுன்னா இப்பவே வித்துடுங்க. காலேஜ் ஃபீஸ் கட்டற நாளும் வந்துடுச்சு."

அப்பா பதில் சொல்லவில்லை. பட்டுச் சேலையில் இழை அறுந்த இடத்தைத் தேடுகிற மாதிரி அந்த அட்டையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளுக்குத் துப்பாக்கி ஆசை வந்தது கல்லூரி என்.சி.சி.யில். அங்கே படுத்துச் சுடவேண்டும். துப்பாக்கியின் முன்பகுதிக்குக் கீழே மணல் மூட்டை இருக்கும். அதில் நன்றாகச் சுட்டாள். பயிற்சியாளர் பாராட்டினார். அந்தச் சந்தோஷத்தில் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தாள். இரண்டு சேலை நெய்த கூலியைச் சேர்த்து வைத்து, பழைய ஏர் ரைஃபிள் ஒன்றை அப்பா வாங்கிக் கொடுத்தார். ஸ்பிரிங்கில் இயங்குவது. குழல் 4.5 மில்லிமீட்டருக்கும், வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு, 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். அதனால்தான் நெசவாளி வீட்டுக்கும் அது எட்டியது.

ஆனால் போட்டியில் 10 மீட்டர் தூரத்தில் நின்றுகொண்டு சுடவேண்டும். மணல் மூட்டை கிடையாது. நிற்க ஆரம்பித்ததிலிருந்துதான் இந்தச் சிதறல்.

"இதுல எது உன் தப்பு, எது துப்பாக்கியோட தப்பு?" என்று அப்பா கேட்டார்.

"எல்லாம் என் தப்புதான்."

"அது எப்படித் தெரியும்?"

அவளால் சொல்ல முடியவில்லை. அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

பல வருஷங்களுக்கு முன்பு அவர் நெய்த ஒரு முகூர்த்தச் சேலையில் குறுக்கே மெல்லிய கோடுகள் விழுந்தன. 'கை போயிடுச்சு' என்று சொல்லிக் கூலியில் பிடித்துவிட்டார்கள். அவரும் அதை நம்பினார். மெதுவாக அடித்துப் பார்த்தார், வேகமாக அடித்துப் பார்த்தார். அடுத்த சேலை இன்னும் மோசமானது. ராத்திரியில் தூக்கம் போனது. ஒருநாள் காய்ச்சலில் அவர் படுத்துவிட, பக்கத்து வீட்டுக்காரர் வந்து அதே தறியில் உட்கார்ந்து ஒரு முழம் நெய்தார். அவருக்கும் அதே கோடு விழுந்தது! பிறகுதான் பார்த்தார்கள். நெய்ததைச் சுருட்டும் படைமரம், தாங்கும் இடத்தில் தேய்ந்துபோய், ஒவ்வொரு முறை சுருட்டும்போதும் மயிரிழை அளவு நழுவிக்கொண்டிருந்தது. பிடித்த கூலி திரும்பி வரவில்லை. தன் கை மேல் இருந்த நம்பிக்கை திரும்பவே ஒரு வருஷம் ஆனது.

"ஆளை மாத்திப் பாத்ததும் தறியோட குத்தம் தெரிஞ்சுது. இங்க ஆளை எடுத்துட்டுப் பாக்கணும்" என்றார் அப்பா.

மகள் புரிந்துகொண்டாள். துப்பாக்கி அசையாமல் உட்கார ஒரு தாங்கி வேண்டும். அதில் வைத்துச் சுட்டால் கை நடுக்கமும் கால் தள்ளாட்டமும் பெரும்பாலும் கழிந்துபோகும். மிச்சம் இருப்பது துப்பாக்கியின் குணம்.

அன்று ராத்திரி போனில் தேட ஆரம்பித்தாள். முதலில் கண்ணில் பட்டது, துப்பாக்கியிலேயே மாட்டிக்கொள்ளும் இரண்டு கால். விலை குறைவு, பையில் வைக்கலாம். ஆனால் முன்பக்கத்தை மட்டும்தான் தாங்கும். பின்கட்டை தோளோடு சேர்ந்து ஆடும். அடுத்தது, மேஜை மேல் வைக்கிற பிளாஸ்டிக் தாங்கி. முன்னும் பின்னும் பிடித்துக்கொள்ளும். ஆனால் எடையே இல்லை. மேஜை ஆடினால் அதுவும் ஆடும். மூன்றாவது, மடக்கு மேஜையும் இருக்கையும் ஒன்றாகச் சேர்ந்தது. வெளிநாட்டுச் சரக்கு. பார்க்க அழகாக இருந்தது. விலையைப் பார்த்ததும் அப்பா சிரித்துவிட்டார்.

"காசு இருந்தாலும் இது வேணாம்" என்றார். "நாற்காலியும் மேஜையும் ஒரே கம்பியில இருக்கு பாரு. நீ மூச்சு விட்டா நாற்காலி அசையும், நாற்காலி அசைஞ்சா மேஜை அசையும். குழித்தறியில நான் எங்க உக்கார்றேன்? குழி ஓரத்துல, தரையில. தறி தனியா நிக்குது. அது மாதிரி இருக்கணும்."

தெருக்கோடியில் தறி வேலை செய்யும் ஆசாரி இருக்கிறார். பிரித்துப்போட்ட பழைய தறியின் பலகைகளை எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடம் போனார்கள்.

"எத்தனை கால் வைக்கட்டும்?" என்று ஆசாரி கேட்டார்.

நான்கு என்றாள் மகள். ஆசாரி தலையை ஆட்டினார். நான்கு கால் மேஜைக்குச் சமதரை வேண்டும். மேடுபள்ளத்தில் ஒரு கால் அந்தரத்தில் நின்று ஆடும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. மூலையில் முழங்கையை அழுத்தினால் சாயும். அதற்காக முன்னால் இரண்டு கால், பின்னால் ஒரு கால் என்று வைத்து, மூன்றையும் நன்றாக அகட்டினார். கால்களைக் கையாலேயே கழற்றி மாட்டும்படி மறைகளைப் பொருத்தினார். கழற்றிக் கட்டினால் பஸ்ஸில் கொண்டுபோகலாம். பலகையின் ஒரு பக்கத்தை நெஞ்சு பதியும் அளவுக்கு வளைவாக வெட்டினார். ஸ்டூலில் மகளை உட்காரவைத்து, குனியாமல் கன்னம் கட்டையில் படும் உயரத்துக்குக் கால்களை அளந்து அறுத்தார்.

மணல் பை அம்மாவின் வேலை. கோபம் இருந்தாலும் கெட்டித் துணியில் இரண்டு பைகளை இரட்டைத் தையல் போட்டுத் தைத்துக் கொடுத்தாள். தவிடு அடைத்தால் எடை போதாது. சலித்துக் காயவைத்த மணலை முக்கால் பங்கு மட்டும் நிரப்பினார்கள். முழுசாக நிரப்பினால் பை கல் மாதிரி ஆகிவிடும். துப்பாக்கி அதில் பதியாது. வெளியூர் போகும்போது வெறும் பையைக் கொண்டுபோய் அங்கேயே மணல் நிரப்பிக்கொள்ளலாம் என்பது அம்மா சொன்ன யோசனை.

மாலையில் கொல்லையில் 10 மீட்டர் அளந்தார்கள். ஒன்றரைச் சேலை நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம். இலக்குக்குப் பின்னால் மணல் நிரப்பிய மரப்பெட்டி, அதற்கும் பின்னால் மதில் சுவர். அந்தப் பக்கம் யாரும் வராமல் அம்மா வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

அவசரத்தில் மகள் துப்பாக்கியின் முன்கட்டையை வெறும் பலகை விளிம்பில் வைத்துச் சுட்டாள். ஐந்தும் எங்கோ மேலே போயின. அப்பாவுக்குக் குழப்பம். அப்புறம்தான் கிளப்பில் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது பின்னாலும் முன்னாலும் உதறும். கெட்டியான பொருளில் வைத்தால் துள்ளிவிடும். மணல் பை மேல் உள்ளங்கையை வைத்து, அதன்மேல் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல் உட்காரவைக்க வேண்டும். தாங்குவது கட்டையைத்தான்; குழலை எதன் மேலும் சாய்க்கக் கூடாது.

அப்படிச் சுட்டாள். இப்போதும் சிதறல். இரண்டு இங்கே, மூன்று அங்கே.

"பாத்தீங்களா? தாங்கி வெச்சும் இப்படித்தான்" என்றாள். குரல் உடைந்தது.

அப்பா துப்பாக்கியை வாங்கி, கட்டையை ஒரு கையிலும் குழலை ஒரு கையிலும் பிடித்து லேசாக அசைத்தார். காதருகே வைத்துக் கேட்டார். நாற்பது வருஷமாகத் தறியின் சத்தத்திலேயே குறை கண்டுபிடித்தவர் அவர். கட்டையைக் குழலோடு சேர்க்கும் திருகாணி தளர்ந்திருந்தது. அதை இறுக்கிக் கொடுத்தார்.

அடுத்த ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. ஆனால் நடுவில் இல்லை. இடப்பக்கம் 30 மில்லிமீட்டர், கீழே 20 மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தன.

மகள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. ஓட்டைகள் கூட்டமாக ஓரிடத்தில் விழுந்தால் அதை நகர்த்திவிடலாம். பின் சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ அந்தப் பக்கமே ஓட்டையும் நகரும். முன் சைட்டுக்கு நேர் எதிர். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே அரை மீட்டர் இருந்தது. 10 மீட்டர் அதைப்போல 20 மடங்கு. ஆகவே பின் சைட்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் ஓட்டை 20 மில்லிமீட்டர் நகரும். வலப்பக்கம் ஒன்றரை, மேலே ஒன்று என்று திருகினாள். அடுத்த ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தன.

ராத்திரி சாப்பிடும்போது அபினவ் பிந்த்ராவைப் பற்றிச் சொன்னாள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றுக்கு முன் சரிபார்க்க அவர் சுட்ட முதல் குண்டு 4-க்குப் போனதாம். சைட் மாறிப்போயிருந்தது. 'என் கை போச்சு' என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. சைட்டைத் திருத்திக்கொண்டு சுட்டார். கடைசிக் குண்டு 10.8. மொத்தம் 700.5. தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

"அவர் கை மேல அவருக்கு நம்பிக்கை இருந்திருக்கு" என்றாள் அம்மா, சாதம் போட்டுக்கொண்டே.

மறுநாள் காலையில் தாங்கி இல்லாமல் நின்று சுட்டாள். காசுக்குள் அடங்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்குப் பரவின. ஆனால் இந்தத் தடவை வட்டத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாக இருந்தன. அட்டையைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினாள்.

"இது என்னோடதுதான்ப்பா. துப்பாக்கி மேல பழி போட முடியாது."

"உன்னோடதுன்னு தெரிஞ்சா போதும் கண்ணு. திருத்திக்கலாம்."

துப்பாக்கியை விற்கவில்லை. ஃபீஸுக்கு அடுத்த சேலையின் கூலியிலிருந்து முன்பணம் வாங்கினார். போட்டியில் மகளுக்கு மெடல் கிடைக்கவில்லை. நடுவரிசையில் வந்தாள். அந்த அட்டைகளைத் தேதி எழுதி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

கால் கழற்றிய முக்காலியும் வெறும் மணல் பைகளும் தறிக்குப் பக்கத்தில் சுவரோரம் சாத்தியிருக்கின்றன. மாதம் ஒருமுறை அவற்றை வெளியே எடுத்து ஐந்து குண்டு சுட்டுப் பார்க்கிறாள். எடுப்பதற்கு முன்னால் அப்பா தன் படைமரத்தை ஒரு தரம் அசைத்துப் பார்த்துக்கொள்கிறார்.