மேலுரம் வைக்கும் நாள்

பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் காடு. ஐப்பசி பிறந்துவிட்டது. மக்காச்சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது. விதைத்து 25 நாள் ஆன பயிர். உரம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு கிடுகிடுவென்று ஏறும் வயசு.

வரப்பில் யூரியா மூட்டை. 45 கிலோ. வாய் பிரிக்கவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்து பெரியவர் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கிறார். மருமகள் இடுப்பில் அன்னக்கூடையோடு நிற்கிறாள்.

"மாமா, போட்டுடலாமா?"

"இரும்மா. கெழக்க கருக்கலையே."

"ஆளுங்க எல்லாம் போட்டுட்டாங்க."

அதற்குப் பதில் இல்லை. குனிந்து விரலால் மண்ணைக் கிளறுகிறார். மேலே பொடி, கீழே லேசான ஈரம். இந்த மண்ணின் மேல் யூரியாவைத் தூவினால் விடியற்காலைப் பனி அதைக் கரைத்துவிடும். வேருக்கு இறக்கிவிட அந்தப் பனிக்குத் தெம்பு போதாது. கரிசல் காரத்தன்மை உள்ள மண். கரைந்தது அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும். 2015 முதல் யூரியாவுக்கு வேம்பெண்ணெய் பூச்சு கட்டாயம்தான். காய்ந்த மண்ணின் மேல் நடக்கும் இந்தக் களவை அந்தப் பூச்சு பெரிதாகத் தடுப்பதில்லை. பெரியவருக்கு அம்மோனியா என்ற பெயர் தெரியுமோ தெரியாதோ, நெடி தெரியும்.

வரப்புக்கு அந்தப் பக்கம் போர் போட்ட காடு. மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் உறுமுகிறது. சட்டை போடாத இளைஞர் ஒருவர் சாலில் யூரியாவை வீசிக்கொண்டே நடக்கிறார். பின்னாலேயே தண்ணீர் வருகிறது. கை தாராளமான கை. மூட்டை 266 ரூபாய் சொச்சம். விலை மலிவாக இருக்கும்போது கை எப்படிச் சுருங்கும்? பாசனத்தில் வரும் வீரிய ஒட்டு ரகத்துக்கு எக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து என்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். முழுவதையும் யூரியாவாகவே கொடுத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 5 மூட்டை. அதையும் கால் பங்கு விதைக்கும்போது, பாதி 25-ஆம் நாள், மிச்சம் 45-ஆம் நாள் என்று பிரித்துக் கொடுக்கச் சொல்கிறது. மானாவாரிக்கு அளவு மிகக் குறைவு. பெரியவரின் மூட்டை அந்தக் கணக்கு.

இரண்டு நாள் கழித்து மழை. விட்டுவிட்டு ராத்திரி முழுக்க.

காலையில் மருமகள் காட்டுக்குள் இருக்கிறாள். செடிக்கு ஒரு சாண் தள்ளி ஒரு சிட்டிகை. காலாலேயே மண்ணைத் தள்ளி மூடுகிறாள். வைப்பதும் மூடுவதும் ஒரே அசைவு. இலையின் அரம் முழங்கையைக் கீறுவதை அவள் கவனிப்பதாகத் தெரியவில்லை. இன்றைக்குப் பெரியவர் வானத்தைப் பார்க்கவே இல்லை.

போர்க் காட்டில் பாய்ச்சிய தண்ணீரின் மேல் மழைத் தண்ணீர். கரிசல் லேசில் வடிக்காது. மடை முகத்தில் நாலு நாளாகக் குட்டை. ஓரிரு வாரத்தில் காட்டின் நடு கறுத்த பச்சை. மடை முகம் மட்டும் வெளிறிப்போய், அடி இலைகளில் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் இறங்குகிறது. உரம் போடாத செடியின் அடையாளம் அது. ஆனால் இங்கேதான் அதிகம் விழுந்தது. காற்றில்லாத மண்ணில் வேர் உறிஞ்ச முடியாமல் நிற்க, நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி அனுப்பிவிட்டன. இளைஞர் அந்த மூலைக்கு இன்னொரு கூடை யூரியா கொண்டுபோகிறார். சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் இருந்துவிட்டேன்.

கார்த்திகை. மழை ஓய்ந்துவிட்டது. இனிதான் பயிருக்குத் தண்ணீர் வேண்டும். உச்சியில் ஆண் பூ விரிந்து மகரந்தம் கொட்டுகிறது. ஒரு வாரச் சங்கதி. கதிரின் பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குச் சொந்தம். ஈரம் குறைந்தால் பட்டு தாமதிக்கும். கதிரின் அடியில் உள்ள நூல்கள் முதலில் எட்டிப் பார்க்கும், நுனியின் நூல்கள் கடைசியில். அவை வருவதற்குள் மேலே பூ முடிந்துவிடும்.

பத்து மணிக்கே பெரியவர் காட்டில் இலைகள் குழல்போல் சுருண்டுகொண்டன. அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிறது, இலை விரிந்தே இருக்கிறது. யூரியாவை வீணாக்கியவருக்குத் தண்ணீர் கைகொடுக்கிறது. சிட்டிகை சிட்டிகையாக வைத்தவருக்கு வானம் கையை விரிக்கிறது. பெரியவர் வரப்பில் நின்று அந்த மோட்டார் சத்தத்தைக் கேட்கிறார். பொறாமையா, கணக்கா, முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

தை. தார்ச்சாலையில் பாதியை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரியவர் வீட்டுக் கதிர்களில் நுனி இரண்டு விரற்கடை வழுக்கை. இருக்கிற மணிகள் கெட்டி. போர்க் காட்டுக் கதிர் நுனிவரை நிறைந்திருக்கிறது, மடை முகத்துச் சூம்பல்கள் தனிக் குவியல்.

நாமக்கல் கோழித்தீவனத்துக்கு வாங்கும் வியாபாரி கையில் சிறு கருவி. மணிகளைப் போட்டுப் பார்க்கிறார்.

"17 காட்டுது பெரியவரே. 14-க்கு வரணும். ரெண்டு நாள் காயட்டும்."

பெரியவர் தலையாட்டுகிறார். மருமகள்தான் கேட்கிறாள்: "ஈரம் போனா எடையும் கொறையுமேண்ணே, அதுக்குத் தக்கன வெலைய ஏத்திக் குடுப்பீங்களா?"