இலவசப் படிப்பின் விலை

2023ஆம் ஆண்டின் ஒரு பிற்பகல். கண்டி நகரில் அடகுக் கடைகள் நெருங்கி நிற்கும் தெருவொன்றின் முனையில் அந்தத் தாயைக் கண்டேன். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். அவருடைய மூத்த மகள் என்னிடம் படித்தவள். பையைத் திறந்து ஒரு ரசீதைக் காட்டினார். வீட்டிலிருந்த நகையெல்லாம் அந்தத் துண்டுக் கடதாசியாக மாறியிருந்தது.

"புள்ளைய நர்ஸ் படிக்கச் சேத்திருக்கோம் சேர்" என்றார். குரலில் பெருமைதான் இருந்தது. பிறகு சற்றுத் தயங்கினார். "கவர்மெண்டுல சும்மாதானே படிச்சுக் குடுக்கிறாங்க. எங்க புள்ளைக்கு மட்டும் ஏன் சேர் இவ்வளவு காசு?"

பஸ் வந்துவிட்டதைச் சாட்டாக வைத்து நழுவினேன். அன்று சொல்லாத பதிலை இங்கே எழுத முயல்கிறேன்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நம் நாட்டில் அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தெரிவாகும் பிள்ளை கட்டணம் கட்டுவதில்லை. பயிற்சி நடக்கும் மூன்று ஆண்டுகளும் மாதாந்தக் கொடுப்பனவு அதன் கைக்கு வருகிறது. பதிலாகப் பயிற்சி முடிந்ததும் அரசாங்க சேவையில் இருக்கவேண்டும். கண்டியிலும் அத்தகைய கல்லூரி உண்டு. பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் படிக்க விரும்புவோருக்குப் பேராதனை இருக்கிறது. அங்கும் கட்டணம் இல்லை, வறிய பிள்ளைக்கு 1981இல் தொடங்கிய மகாபொல உதவித்தொகை கைகொடுக்கும்.

இது அரசின் தர்மமன்று. நோயாளியைப் பார்க்க ஆள் வேண்டும். ஆள் வேண்டுமென்போர் பயிற்சிச் செலவை ஏற்கவேண்டும். நவீன தாதித் தொழில் இந்த உடன்பாட்டுடனேயே பிறந்தது. 1860இல் இலண்டன் புனித தோமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் அம்மையாரின் பாடசாலை திறக்கப்பட்டபோது, பொதுமக்கள் திரட்டிக் கொடுத்த நிதியே செலவைத் தாங்கிற்று. பயிலுநருக்குத் தங்குமிடம், உணவு, உடை, கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுண். தேநீரும் சீனியுங்கூட உண்டு. (அந்தத் தேயிலை நம் மலையினதன்று, ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தராவில் தேயிலை பயிரிட்டது 1867இல்தான்.) போர்க்காலத்தில் அமெரிக்காவும் இதையே செய்தது. 1943இல் இளந்தாதியர் படையொன்றை அமைத்து, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை அரசாங்கச் செலவில் பயிற்றியது. இதற்கு மாறாக இங்கிலாந்து 2017இல் தாதி மாணவரின் உதவிப்பணத்தை நிறுத்தி, கடன் வாங்கிப் படியுங்கள் என்றது. விண்ணப்பங்கள் சரிந்தன. 2020இல் ஒரு பகுதி உதவியை மீண்டும் கொடுக்கவேண்டியதாயிற்று.

ஆகவே கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் அந்தக் கதவுக்குப் போகும் படி எங்கே தொடங்குகிறது? க.பொ.த. உயர்தரத்தில், விஞ்ஞானப் பிரிவில். அப்பிரிவின் பாடங்களில் சித்தியின்றித் தாதியர் கல்லூரி வாசலை நெருங்க இயலாது. உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைக்கு 1ஏபி என்று பெயர். கலை, வர்த்தகம் மட்டும் உள்ளது 1சீ. தோட்டங்களைச் சுற்றியுள்ள தமிழ்ப் பாடசாலைகளில் முதல் வகை அரிது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். அதற்கிடையில் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவராக்கியிருந்தது. நாடற்றவனின் மகளுக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. சட்டத்தை ஒரே நாளில் நிறைவேற்றலாம். ஆய்வுகூடமும் இரசாயனவியல் ஆசிரியரும் அப்படி வந்துவிடுவதில்லை.

இங்கே என் பங்கையும் சொல்லிவிடவேண்டும். அந்தப் பெண் சாதாரண தரத்தில் விஞ்ஞானப் பாடத்தில் நல்ல பெறுபேறு பெற்றவள். "தாதியாக வேண்டும் சேர்" என்று என்னிடம்தான் வந்து சொன்னாள். எங்கள் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. நகரத்துப் பாடசாலையில் இடம் தேடுவது, தங்குமிடம் பார்ப்பது, தகப்பனிடம் பேசுவது என எதையும் நான் செய்யவில்லை. "கலைப் பிரிவை எடு, பிறகு பார்க்கலாம்" என்றேன். என் வகுப்பில் பிள்ளைகளின் தொகை குறைந்துவிடுமே என்ற கணக்கும் மனத்தின் ஒரு மூலையில் இருந்தது. இப்போது மறுத்துப் பயனில்லை.

கலைப் பிரிவில் மூன்று பாடங்களும் சித்தி. அரசாங்கக் கதவு அவளுக்கு மூடியாயிற்று. அடுத்தது விளம்பரம். வெள்ளை உடுப்பில் சிரிக்கும் பெண். எப்பிரிவில் படித்தாலும் சேரலாம். வெளிநாட்டு வேலை நிச்சயம். மொத்தக் கட்டணம் மூன்றரை இலட்சம், தவணை முறையில்.

அந்நாளில் தோட்டச் சம்பளம் நாளொன்றுக்கு 1000 ரூபாய். 2021இல் போராடிப் பெற்றது; அதுவும் நிர்ணயித்த கிலோ நிறைந்தால்தான். குறைந்தால் அரைப்பேர். ஒரு நாளும் தவறாமல் முழுப்பேர் விழுந்து, ஒரு சதமும் சாப்பாட்டுக்குச் செலவாகாமல் இருந்தால், மூன்றரை இலட்சம் என்பது 350 நாள் கொழுந்து. அப்படி எந்தக் குடும்பம் சேர்க்கும்? ஆகவே நகை அடகுக்குப் போனது. லயத்துப் பெண்களின் சீட்டைத் தள்ளி எடுத்தார்கள். அதுவும் போதாமல், தகப்பனின் சேமலாப நிதி வந்ததும் தருவதாக வட்டிக்கு வாங்கினார்கள்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். நகரத்தில் வீடும் பிரத்தியேக வகுப்புக்குப் பணமும் உள்ளவரின் பிள்ளை விஞ்ஞானம் படித்து, மாதாமாதம் கொடுப்பனவு வாங்கிக்கொண்டு தாதியாகிறது. ஒன்றுமில்லாதவரின் பிள்ளை மூன்றரை இலட்சம் கட்டுகிறது. கட்டியும் தாதியாகவில்லை! அந்தச் சான்றிதழைக்கொண்டு தாதியர் சபையில் பதிவுசெய்ய முடியாதென்பது பயிற்சி முடிந்த பின்னரே தெரிந்தது. இன்று அவள் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் துண்டு கொடுத்து நோயாளரைப் பெயர்சொல்லி அழைக்கிறாள். வெள்ளை உடுப்புத்தான். வட்டி இன்னும் ஓடுகிறது.

அவளுக்கு ஒரு தங்கை. அவளுடைய சாதாரண தரப் பெறுபேறு வந்த மறுநாளே தகப்பனிடம் போனேன். கண்டியில் விஞ்ஞானப் பிரிவில் இடம் கிடைத்தது. நாங்கள் நான்கு ஆசிரியர்கள் மாதந்தோறும் சிறு தொகை போட்டு விடுதிச் செலவைப் பார்க்கிறோம். நான்கு ஆசிரியர் எத்தனை பிள்ளைகளுக்குப் போடமுடியும்? அவளுடைய வகுப்பிலிருந்து விஞ்ஞானம் படிக்க வந்தவள் அவள் ஒருத்திதான். தாய் ஒவ்வொரு மாதமும் தொகையைக் கொப்பியில் குறித்து வைக்கிறார், திருப்பித் தருவாராம். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை.

சென்ற கிழமை தங்கை தொலைபேசியில் பேசினாள். அளவியையும் குழாயியையும் அன்றுதான் முதன்முறையாகக் கையில் எடுத்தாளாம். அதுவரை புத்தகத்துப் படத்தில் மட்டுமே கண்டவை. அளவியில் திரவத்தின் மேற்பரப்பு வளைந்து நிற்கிறதே, எந்த மட்டத்தில் கண்ணை வைத்து வாசிக்கவேண்டும் என்று கேட்டாள். எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகக் கூறினேன்.