மூளைக்கு உப்பு

அறிவை விலைக்கு வாங்க முடியுமா? முடியும் என்கின்றன கடைகள். பீன்யாவில் நான் குடியிருக்கும் தெருவில் நினைவாற்றல் மாத்திரை இல்லாத மருந்துக் கடை இல்லை. உயிர்வேதியியல் பயில்கிறவன் என்பதால், எது நல்லது என்று என்னிடம் கேட்பவர் பலர்.

கீழ்வீட்டு அண்ணாச்சி கடைசல் பட்டறைத் தொழிலாளி. ஊர் தூத்துக்குடிப் பக்கம். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனுக்காக இரண்டு நாள் கூலியைக் கொடுத்து ஒரு புட்டி வாங்கியிருந்தார். "தம்பி, இதைக் குடுத்தா மூளை வளருமா?" என்றார். குறையில்லாத பிள்ளைக்கு உணவும் உறக்கமுமே போதும் என்றேன்.

ஆனால் என் கவலை அவர் வீட்டு உப்புச் சாடியைப் பற்றியது. ஊரிலிருந்து மூட்டையில் வந்த கல்லுப்பு, அயோடின் சேராதது. மதினிக்கோ அப்போது இரண்டாம் மாதம்.

நண்பர்களே, மூளையை வளர்க்கும் பொருள் உண்மையிலேயே ஒன்று உண்டு. அது அயோடின். அதைக் கொண்டே தைராய்டு சுரப்பி தன் சுரப்பை ஆக்குகிறது. கருவின் நரம்பணுக்கள் தத்தம் இடம் சேர்ந்து கிளைவிட அச்சுரப்பு வேண்டும். தொடக்க மாதங்களில் குழந்தை அதைத் தாயிடமிருந்தே பெறுகிறது. பற்றாக்குறை கடுமையானால் குழந்தை செவிடாகவும் அறிவு குன்றியும் பிறக்கலாம். பின்னாளில் எந்த மாத்திரையும் அதை ஈடு செய்யாது.

இமயத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வு தொடங்கினர். ஒரு பகுதிக்கு வெறும் உப்பு. மற்றப் பகுதிகளுக்கு அயோடின் உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உண்டவர்களிடையே கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. நாடெங்கும் அயோடின் உப்பு பரவ அந்த ஆய்வு வழிகாட்டிற்று.

"கடல்ல விளைஞ்ச உப்புல இல்லாத சத்தா?" என்று மதினி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கடல்நீர் காய்ந்து உப்பாகும்போது அதில் அயோடின் மிகச் சிறிதே தங்குகிறது. சேர்த்தால்தான் உண்டு. ஒரு நாளைக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம், கருவுற்றவர்க்கு 250. ஓர் ஊசிமுனையில் அடங்கும் அளவு! மிகுதியாக உண்டால் அறிவு மிகும் என்பதும் இல்லை.

மறுவாரம் அயோடின் உப்புப் பொட்டலம் சமையலுக்கு வந்தது. கல்லுப்பு மீன் கழுவப் போயிற்று.

தேர்வு நெருங்கும்போது மாத்திரை தேடும் தோழர்களே, நமக்கான மருந்தை நம் அன்னையர் என்றோ ஊட்டிவிட்டார்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, தாயாகப் போகும் அக்காளுக்கும் அண்ணிக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். படித்த படிப்பு வீட்டு அடுப்பங்கரைக்கும் எட்டட்டும்.