பச்சை மலையில் ஒரு வீடு தேடி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பதுளை மாவட்டத்துக்குள் வருபவர்களுக்குப் பெரகல சந்தியைத் தெரிந்திருக்கும். அங்கே பாதை பிரிகிறது. மேலே ஏறினால் அப்புத்தளை, பண்டாரவளை. கீழே இறங்கினால் கொஸ்லந்த, வெல்லவாய. சுற்றுலா வருவோர் பெரும்பாலும் மேலேதான் ஏறுவார்கள். இறங்குகிற பாதையில் போகிறவர்கள் தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போகிறவர்கள். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அந்த நீர்வீழ்ச்சி இலங்கையிலேயே இரண்டாவது உயரமானது. வழியெல்லாம் பச்சை. தேயிலை, இறப்பர், மிளகுக் கொடி, பலா மரம் என்று ஒரு முழ நிலங்கூட வெறுமையாகக் கிடக்காது. ஸுப்ஹானல்லாஹ் என்று நாவு தானாகவே சொல்லும்.

அந்தப் பச்சைக்குள் குடியிருக்க ஒரு வீடு கிடைக்குமா என்று தேடினால்தான் கதை வேறு.

மௌலவி ஆசிரியர்களின் குடும்பப் பெண்களுக்கு இந்தத் தேடல் புதிதல்ல. இடமாற்றக் கடிதம் வந்தால் பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரமும், மண்ணெண்ணெய் அடுப்பும், கிதாபுப் பெட்டியுமாகப் புறப்பட வேண்டியதுதான். அப்புத்தளைப் பக்கம் எனக்கு மாற்றம் கிடைத்தபோது நகரத்தில் வாடகை எங்கள் கைக்கு எட்டவில்லை. கீழே இறங்கிக் கிராமங்களில் பார்த்தோம். என் மனைவிக்கு ஒரு கணக்கு உண்டு. முதலில் தண்ணீர், இரண்டாவது உள்ளேயே கழிவறை, மூன்றாவது அக்கம்பக்கம். வீட்டைப் பார்ப்பதற்கு முன் அயலவரைப் பார் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் மக்களிடையே பிரபலம். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று முஹத்திஸீன்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் விசாலமான வீட்டையும் நல்ல அயலவரையும் மனிதனின் நற்பேறுகளில் சேர்த்து நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக இப்னு ஹிப்பானில் வந்திருக்கிறது. அதுவே நமக்குப் போதும்.

மூன்றாவதாகப் பார்த்த வீடு எனக்குப் பிடித்துவிட்டது. புதுச் சாயம், இரண்டு அறை, முன்னால் கறிவேப்பிலை மரம். பின்னால் மலையைச் செங்குத்தாக வெட்டி இடம் எடுத்திருந்தார்கள். குசினிச் சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கிற அகலந்தான். வீட்டுக்காரர் ஒரு வருட முற்பணம் கேட்டார். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு நின்ற ஒரு தோட்டத்துப் பெண் என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, மழ பேஞ்சா பின்னுக்கு இருக்கிற பீலித் தண்ணி கலங்குமான்னு கேளுங்க. கலங்கிச்சின்னா வேணாம்."

எங்கே இதைப் படித்தீர்கள் என்று மனைவி கேட்டார். "நாங்க மீரியபெத்தக்கா" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. கொஸ்லந்தைக்கு மேலே உள்ள மீரியபெத்த தோட்டத்தில் காலை ஏழரை மணியளவில் மலை இறங்கியது. பல நாள் பெய்த ஐப்பசி மழை மண்ணுக்குள் ஊறி, ஊறி, பாறைக்கு மேலிருந்த மண் முழுவதும் சேறாகி வந்து லயங்களை மூடிவிட்டது. பிள்ளைகளில் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. முதல் நாளில் நூற்றுக்கணக்கானோர் புதைந்ததாகச் செய்தி பரவியது. பின்னர் இறந்தோரும் காணாமற்போனோருமாக 37 பேர் என்று அரச கணக்கு நின்றது. பல உடல்கள் கடைசிவரை எடுக்கப்படவேயில்லை. அந்த மண்ணே அவர்களுக்கு மண்ணறையாயிற்று.

இதில் நெஞ்சை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. மலை இறங்கும் என்பது முன்பே தெரிந்திருந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று எச்சரித்திருந்தது. விபத்துக்குப் பிறகு, சொல்லியும் அவர்கள் போகவில்லையே என்று சிலர் பேசினார்கள். அப்படிப் பேசுவது எளிது. எங்கே போவது? போ என்று சொன்னார்களே தவிர, ஒரு வீட்டைக் கட்டி இதோ சாவி என்று யாரும் கையில் கொடுக்கவில்லை.

நானாக இருந்தால் முற்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த ஊரில் வீடு பார்ப்பேன். லயத்தில் இருப்பவருக்கு அது முடியாது. ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் தேயிலைச் சாயம் குடிக்காத நாளில்லை. அதைக் கிள்ளுகிற கை எந்த வீட்டில் தூங்குகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

லயம் என்பது நீளமான ஒரே கட்டடம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். பழைய லயங்களில் ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு என்கிற சிறு திண்ணை, அதில் அடுப்பு. வெள்ளைக்காரத் துரைமார் கோப்பிக் காலத்திலேயே இந்த அமைப்பைக் கட்டத் தொடங்கினார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. லயம் மட்டும் அப்படியே நின்றது. பல தோட்டங்களில் துரையின் பங்களா காற்றோட்டமான மேட்டிலும், லயங்கள் தண்ணீர் வசதிக்காக ஓடைப் பள்ளத்தின் அருகிலும் இருப்பதைப் பார்க்கலாம். மண் சரிந்தால் முதலில் பள்ளத்துக்குத்தான் வரும்.

அந்த ஒரு காம்பராவில் தாய், தகப்பன், வயதுக்கு வந்த பெண், கல்யாணம் முடித்த மகன், மருமகள், பாட்டி. சகோதரிகளே, சூரத்துந் நூரின் 58ஆம் வசனத்தை நினைத்துப் பாருங்கள். ஸுப்ஹுக்கு முன், லுஹர் நேரத்தில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும்போது, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளையும் வீட்டுச் சிறு பிள்ளைகள்கூட அனுமதி கேட்டு உள்ளே வர வேண்டும் என்று அல்லாஹ் பழக்கச் சொல்கிறான். வீடு என்றால் அதற்குள் ஒரு மறைவு இருக்க வேண்டும் என்பது இதன் கருத்து. அனுமதி கேட்டு நுழைய இரண்டாவது கதவே இல்லாத வீட்டில் ஒரு பெண் எங்கே உடை மாற்றுவாள்? விடியுமுன் பீலிக்கரைக்குப் போய் இருட்டிலேயே குளித்துவிட்டு வருவது வழக்கமானதற்குக் காரணம் இதுதான். சூரத்துந் நஹ்லில் (16:80) வீட்டை 'ஸகன்' என்கிறான் இறைவன். மனம் அமைதி கொள்ளும் இடம் என்று பொருள். ஆறு பேருக்கு ஒரு காம்பராவில் அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை.

இனி இந்தக் குடியிருப்பு எந்த வகை? மத்ரஸாவில் கிதாபுல் இஜாராவை ஓதும்போது உஜ்ரா என்ற சொல்லை விளக்க உஸ்தாதுமார் சிரமப்பட்டதில்லை. வேலைக்குக் கொடுப்பதும் உஜ்ரா, வீட்டுக்குக் கொடுப்பதும் உஜ்ரா. நம் வீடுகளிலும் 'கூலி வீடு' என்றால் வாடகை வீடு. சிங்களத்திலும் வாடகையைக் 'குலிய' என்பார்கள். சொல் ஒன்றுதான். ஆனால் இஜாராவுக்கு நிபந்தனைகள் உண்டு. எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும், எத்தனை காலம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், பொருள் பயன்படும் நிலையில் இருக்க வேண்டும். லயத்துக்கு வாடகைத் தொகையும் இல்லை, காலமும் இல்லை. தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யும்வரை இருக்கலாம். வீட்டில் ஒருவரும் தோட்டத்தில் வேலை செய்யவில்லை என்றால் காம்பராவைக் காலி செய் என்ற பேச்சு வரும். ஆகவே இது இஜாராவைவிட ஆரியாவுக்கே நெருக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆரியா என்பது இரவல். கொடுத்தவர் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியது. பாட்டன், தகப்பன், மகன் என்று நான்கைந்து தலைமுறை உழைத்த பிறகும் இரவல் வீடு!

1972, 1975 நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நிலம் கை மாறிய ஒவ்வொரு தடவையும் காம்பராவில் இருந்தவரின் பெயரில் ஒரு துண்டும் எழுதப்படவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மீதமிருந்தவர்களின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரஜாவுரிமையே இல்லாதவர் காணி உறுதி கேட்பது எப்படி?

கிராமம் என்றால் பிரதேச சபை இருக்கும், அது பாதை போடும், விளக்கு வைக்கும், குப்பை அள்ளும் என்று நாம் நினைக்கிறோம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தோட்ட மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபையே அவர்கள் லயத்துக்குப் பாதை போடச் சட்டத்தில் தடை இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. கடிதமும் அப்படித்தான். லயத்துக்கு இலக்கம் இல்லாததால் தபால் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து பிரித்துக் கொடுக்கப்படும். நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லி வந்த கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கையில் கிடைத்த பிள்ளைகளை மலையக ஆசிரியர் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

மீரியபெத்தயில் தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளில் தங்கினார்கள். பிறகு பூணாகலைப் பக்கம் மாகல்தெனியவில் இருந்த பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் தடுப்புப் போட்டு வாழ்ந்தார்கள். அதே மாகல்தெனியவில் இராணுவத்தினர் கட்டிய 75 தனி வீடுகள் 2016 ஒக்டோபரில் கையளிக்கப்பட்டன. இரண்டு வருடம். ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம். சுவர் ஒட்டாத வீடு, தனிக் கழிவறை, தனிக் குசினி. உயிர்கள் போன பிறகு கிடைத்தாலும் கிடைத்தது நல்லதே. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அதோடு அந்தப் பகுதியின் கவலை முடிந்துவிடவில்லை. 2023 மார்ச்சில் பூணாகலையிலேயே கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து இன்னொரு தொகுதிக் குடும்பங்கள் லயத்தை இழந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டையே புரட்டியபோது பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. அப்போது லயங்கள் மட்டுமல்ல, உறுதி வைத்திருந்தவர்களின் மாடி வீடுகளும் போயின. மலை உறுதிப் பத்திரம் பார்ப்பதில்லை.

எனவே மலைநாட்டில் வீடு பார்க்கும் சகோதரிகள் அந்தப் பெண் சொன்னதை மறக்க வேண்டாம். ஆண்கள் முற்பணத்தைப் பேசட்டும், நீங்கள் வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், மின்கம்பங்கள், இறுகித் திறக்க மறுக்கும் கதவு, திடீரென்று புதிதாகத் தோன்றிய ஊற்று, ஓடிக்கொண்டிருந்து நின்றுபோன ஊற்று, கலங்கி வரும் தண்ணீர் ஆகியவை அடையாளங்கள். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் கவனம் தேவை. 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் பொருளைப் பார்க்காமல் வெளியேற வேண்டும் என்பது ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. வீடு இருக்கும் இடத்தைப் பற்றி பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை. தவக்குல் வைப்பது ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் என்பது நமக்குத் தெரிந்ததே.

நாங்கள் அந்தக் கறிவேப்பிலை மர வீட்டை எடுக்கவில்லை. பாதையோரம் கொஞ்சம் பழைய வீடாகப் பார்த்து, மூன்று வருடம் இருந்தோம். விறகு கொண்டுவரும் அந்தப் பெண் அங்கேயும் வருவார். மாகல்தெனியவில் அவருக்கு வீடு கிடைத்திருந்தது. சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று சந்தோஷமாகச் சொல்வார். ஒரு நாள் மட்டும் முகம் வாடி வந்தார். மகனுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. ஏழு பேர்ச்சஸில் இன்னொரு குடும்பத்துக்கு இடமில்லை. லயத்துக்குத் திரும்ப மகனுக்கு மனமில்லை. கொஸ்லந்த பஸாரில் ஓர் அறை பார்த்தார்களாம். ஒரு வருட முற்பணமும், வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதமும் கேட்டார்களாம். பையன் கொழும்பில் ஒரு கடையில் நாட்கூலிக்கு நிற்கிறான், அவனுக்கு யார் கடிதம் கொடுப்பார்?

"மௌலவி சேர் ஒரு வார்த்த சொன்னா வீட்டுக்காரர் கேப்பாருங்களா?" என்று என் மனைவியிடம் கேட்டுவிட்டுப் போனார். அன்று அஸருக்குப் பிறகு நான் பஸாருக்கு நடந்தேன். வீட்டுக்காரர் ஆறு மாத முற்பணத்துக்கு இறங்கி வந்தார், கடிதத்துக்குப் பதிலாக என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.